ஆறு வருஷத்து மீன் டின்

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளை அந்தத் தெருவே வேனக்கா என்றுதான் கூப்பிடும். மகளுடைய பிரசவத்துக்காக ஞாயிற்றுக்கிழமை வெளியூர் போயிருந்தாள். வியாழக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். "அண்ணனுக்கு வாந்தி, பேதி. ஆஸ்பத்திரில சேத்திருக்கோம்."

பதறியடித்து ஓடிவந்தாள். கையில் ட்ரிப்ஸோடு சுருண்டு கிடந்தார் புருஷன். பக்கத்தில் நாத்தனார்.

"மனுஷனைப் பட்டினி போட்டுட்டுப் போனா, அவன் என்னத்தத் தின்பான்?" என்றாள் நாத்தனார், வார்டு முழுக்கக் கேட்கும்படி.

வேனக்கா மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனாள். அடுப்பு மேடையில் மீன் டின் ஒன்று கிடந்தது. ஓரமெல்லாம் துரு, உள்ளே பாதி மிச்சம், ஸ்பூனும் அதிலேயே. காலாவதியாகி ஆறு வருஷம். இரண்டு வீடு மாறியும் அலமாரியின் கடைசி மூலையில் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. ஃப்ரிட்ஜைத் திறந்தாள். திங்கள், செவ்வாய் என்று அவள் சீட்டு ஒட்டிவிட்டுப் போன ஐந்து டப்பாக்களும் வைத்தது வைத்தபடி இருந்தன. சனிக்கிழமை முழுக்க நின்று சமைத்தது.

டின்னையும் டப்பாக்களையும் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து, நாத்தனார் மடியில் வைத்தாள்.

"நீங்களே படிங்க, அண்ணி."

நாத்தனார் வியாழன் வரை படித்துவிட்டுத் தம்பியை முறைத்தாள்.

"ஏன் இதைத் தொடல?" என்று புருஷனிடம் கேட்டாள் வேனக்கா.

"சூடு பண்ணணுமே..."

"டின்னைத் திறக்க மட்டும் தெரிஞ்சுதா?"

"அது இழுத்தா வந்துடுது."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார்.

"நாத்தம் கூடவாடா தெரியல?" என்றாள் நாத்தனார்.

"தெரிஞ்சுது. காசு குடுத்து வாங்கினதாச்சே, வீணாக்கலாமா?"

வேனக்காவுக்கு உச்சந்தலை கொதித்தது. "அப்ப நான் செஞ்சது ஓசி. அது வீணாப் போலாம். அப்படித்தான?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாளைக்கு உங்களை வீட்டுக்கு அனுப்பறாங்களாம். டப்பா அஞ்சையும் கழுவி வைங்க. நான் பொண்ணுகிட்டப் போறேன்."

"அப்ப இவனை யாரு பாத்துக்கறது?"

"உங்க தம்பிதானே, அண்ணி. பட்டினி போடாமப் பாத்துக்குங்க."

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அவளுக்கு அழுகை வரும் போலிருந்தது, வரவில்லை.

மறுநாள் மத்தியானம் புருஷன் போன் செய்தார்.

"கஞ்சிக்கு எவ்வளவு தண்ணி வைக்கணும்?"

சொன்னாள். மறுபடி கேட்டார். மடியில் தூங்கும் பச்சிளம் பேரன் விழித்துக்கொள்வான் என்றுகூடப் பார்க்காமல், கத்திக்கொண்டே இன்னொரு தடவை சொன்னாள்.