மணப்பாட்டுக்குப் போகும் வழியில்

எண்பத்திரண்டாம் வருஷம் நாச்சிமுத்து ஒரு பழைய அம்பாசிடர் கார் வாங்கினான். வடக்கே நாலு வருஷம் போர்வெல் ரிக் வேலை பார்த்துச் சம்பாதித்தது. வாங்கிய வாரமே பயணம் முடிவாகிவிட்டது. திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டுக் கடலோரமாகவே கன்னியாகுமரி வரை போவது. கூட்டாளி பெரியசாமி லாரி ஓட்டுகிறவன். கார் ஓட்ட ஒத்துக்கொண்டான். மூன்றாவது ஆளாகச் சென்னியப்பனைக் கூப்பிட்டார்கள். வரமாட்டான் என்று நினைத்திருந்தார்கள். அவன் உடனே சரி என்றான்.

சென்னியப்பன் கடல் பார்க்கப் போகவில்லை. அவன் தங்கை வசந்தாமணிக்கு நாமகிரிப்பேட்டையில் நிச்சயமாகியிருந்த சம்பந்தம் ஆனியில் முறிந்துபோயிருந்தது. பெண்ணுக்கு வலிப்பு இருக்கிறதாமே என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். யார் சொன்னது என்று கேட்டுக் கேட்டு அலைந்தவனுக்குப் போன வாரம்தான் தரகர் வாயிலிருந்து பெயர் கிடைத்தது. நாச்சிமுத்து. சொந்த ஊரான புதுச்சத்திரத்தில் வைத்துக் கேட்டால் பெரியவர்கள் நடுவில் புகுந்து பேச்சை அமுக்கிவிடுவார்கள். யாருமில்லாத இடத்தில் கேட்க வேண்டும் என்று காத்திருந்தான்.

குலசேகரன்பட்டினம் தாண்டியதும் பனைகளுக்கு நடுவே கடல் திறந்துகொண்டது. இடப்பக்கம் முழுக்க நீலம். பெரியசாமி வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

“நம்மூர்ல முந்நூறு அடி ஓட்டை போட்டாலும் புழுதிதான் வருது. இங்க பாருங்கடா” என்று சிரித்தான். பின்னால் இருந்த இருவரும் சிரிக்கவில்லை.

“வண்டிய நிறுத்து” என்றான் சென்னியப்பன்.

“ஏன்டா, ஒண்ணுக்கா?”

“நிறுத்துடான்னேன்.”

மூவரும் இறங்கினார்கள். மணலில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சென்னியப்பன் திரும்பி நின்றான். “நாமகிரிப்பேட்டைக்காரங்ககிட்ட என்னடா சொன்னே?”

நாச்சிமுத்துவின் முகம் மாறவில்லை. என்றைக்கிருந்தாலும் இது வரும் என்று தெரிந்தவன் போலிருந்தான். “மஞ்சள் மண்டியில அந்தப் பையனோட அப்பன் கேட்டாரு, புள்ள எப்படின்னு. இருக்கறதச் சொன்னேன். பொய்யா சொல்லிப்போட்டேன்?”

பொய் இல்லை. அதுதான் சென்னியப்பனுக்கு நெஞ்சில் எரிந்தது. வசந்தாமணிக்குப் பன்னிரண்டு வயதில், மாரியம்மன் நோன்பி சமயத்தில், முதல் தடவை வந்தது. நினைவில்லாமல் கிடந்தவளைத் தூக்கி வந்து வீட்டில் சேர்த்தவனே நாச்சிமுத்துதான்.

“வெளிய சொல்லமாட்டேன்னு எங்கம்மா கையில அடிச்சு சத்தியம் பண்ணுனியேடா, நாயே!”

“பண்ணுனேன். ஏழு வருஷம் வாயே தொறக்கல. போன தையில எங்கப்பன் உங்கூட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தாரே, உங்கப்பன் என்ன சொன்னாரு? மூணு ஏக்கரா மேட்டுக்காட்டுக்காரனுக்குக் குடுத்தா ஊரு சிரிக்கும்னாரு. நீ தூணுல சாஞ்சுட்டு நின்னியே, வாயத் தொறந்தியா? எல்லாந் தெரிஞ்சும் கேட்டவன்டா நானு.”

“அதுக்காக அவ பொழப்பக் கெடுப்பியா?”

“கெடுக்கோணும்னுதான் சொன்னேன்.”

சென்னியப்பன் அடித்தான். முதல் அடியிலேயே நாச்சிமுத்துவின் உதடு கிழிந்தது. அவன் சென்னியப்பனின் சட்டையைப் பிடித்து இழுக்க, இருவரும் மணலில் உருண்டார்கள். வலை உலர்த்திக்கொண்டிருந்த நாலைந்து பேர் ஓடிவந்து பிரித்துவிட்டார்கள். “எந்த ஊருக்காரவுகய்யா நீங்க? அடிச்சுக்கிறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?” என்று ஒரு கிழவர் கேட்டார்.

நாச்சிமுத்து ரத்தத்தைத் துப்பிவிட்டுக் காரில் ஏறினான். சென்னியப்பனின் பையை வெளியே எறிந்தான். “பெரியசாமி, எடுடா வண்டிய.”

பெரியசாமி சென்னியப்பனை ஒரு தரம் பார்த்தான். அப்புறம் வண்டியை எடுத்துவிட்டான்.

குலசேகரன்பட்டினத்துக்கு நடந்தே திரும்பி, பஸ் மாறி மாறி, மறுநாள் மத்தியானம் சென்னியப்பன் வீடு சேர்ந்தான். வசந்தாமணி கொல்லையில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். நாச்சிமுத்துவை அவளும் நாலு வார்த்தை ஏசுவாள், தன் மனசும் ஆறும் என்று எதிர்பார்த்தான்.

அவள் கையிலிருந்த காயைக் கீழே போட்டாள். “அவரு பொண்ணு கேட்டது எனக்கு ஏனுங்ண்ணா தெரியாது?”

“அப்பா வேண்டாம்னுட்டாரு. அந்த நாயையா கட்டிக்குவே?”

“மாட்டேன். என்ற நோவை மண்டியில வெச்சு ஊருக்குச் சொன்னவன் எனக்கு வேண்டாம். ஆனா நீங்க மறைச்சல்ல கட்டிக்குடுக்கப் பாத்தீங்க? போன ஊட்ல நான் உழுந்திருந்தா என்னைய என்ன பண்ணியிருப்பாங்கன்னு நெனச்சீங்களா? அவனாவது கோவத்துல செஞ்சான். நீங்க யோசனை பண்ணிச் செஞ்சீங்க.”

சென்னியப்பன் கையை ஓங்கிவிட்டான். அவள் அசையவில்லை. கண்ணையும் இறக்கவில்லை. ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் வெளியே போய்விட்டான்.

அதன் பிறகு பெண் பார்க்க யார் வந்தாலும் அவளே முதலில் சொன்னாள். இரண்டு வீட்டார் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அப்பா அவளோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார். ஓமலூரிலிருந்து வந்த மூன்றாவது வீட்டாரில், கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காக இருந்த பையன், “மாத்திரை ஒழுங்கா சாப்படறீங்களா?” என்று கேட்டான். அவனையே கட்டிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று காலையில் நாச்சிமுத்து வேட்டி சட்டையோடு பந்தல் வாசலில் வந்து நின்றான். கூப்பிட்டவர் யாருமில்லை. இரண்டு வருஷத்தில் அவன் மெலிந்திருந்தான். சென்னியப்பன் அவனை அங்கேயே நிறுத்திவிட்டு உள்ளே போனான்.

“நாச்சிமுத்து வந்திருக்கறான். என்ன சொல்றது அம்மிணி?”

தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். வசந்தாமணி கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை.

“போகச் சொல்லுங்க.”

சென்னியப்பன் வாசலுக்கு வந்து அதைச் சொன்னான். நாச்சிமுத்து உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கிப் போனான்.