எல்லாவற்றுக்கும் தலையாட்டிய பாம்பு

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. என் காரின் பின் இருக்கையில், ஓர் அரிசிச் சாக்குக்குள் பிறந்தது. சாக்கைப் பிடித்திருந்தவன் என் மச்சினன் தனேஸ்வரன். காரை ஓட்டியவன் நான். ஆகவே அவனைத் திட்டி எழுதும் இடங்களில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘கிந்தா பள்ளத்தாக்கின் மேல் அந்திச் சூரியன் ஒரு பொன்னிற நாகத்தைப் போல—’

வேண்டாம். அன்று ஈப்போவில் காலையிலிருந்தே மழை.

2

தனேஸ்வரன் சிலிபின் வட்டாரத்தில் ஏர்கோன் மெஷின் பழுது பார்ப்பவன். மிச்ச நேரத்தில் பாம்புகளுக்குச் சம்பந்தம் பேசுவான். அவனிடம் ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்று இருந்தது. உடம்பெல்லாம் சிலந்தி வலை பின்னியதுபோல் அழகு. அந்த அழகோடு ஒரு கோளாறும் பரம்பரையாக வரும்: தலை ஓரிடத்தில் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். இது அவனுக்குத் தெரியும். தெரிந்தே அதை, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பிடிபட்ட நம்மூர்ச் சிவப்பு மலைப்பாம்போடு ஒரே பெட்டியில் போட்டான். யாரிடமும் இல்லாத நிறத்தில் குட்டி வேண்டுமாம்.

முட்டைகளில் ஒன்றுதான் பிழைத்தது. யாரிடமும் இல்லாத நிறமும் வந்தது: காய்ந்துபோன மிளகாய்ச் சம்பலின் நிறம். தலை மட்டும் அப்பனைப் போலவே ஆடியது.

இது நியாயமா என்று கேட்டேன்.

“அதுங்க தானா சேர்ந்துச்சு மச்சான். நானா தாலி கட்டி வெச்சேன்?”

“ஒரே பெட்டியில போட்டது யாரு?”

அவன் எழுந்து போய்ப் பாம்புப் பெட்டிக்குத் தண்ணீர் மாற்றினான்.*

* இந்த இடத்தில் கலப்புத் திருமணத்தோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதியிருந்தேன். என் மனைவி துளசி வாசித்துவிட்டு, மனிதர்கள் விரும்பிக் கட்டிக்கொள்கிறார்கள், பாம்பை யார் கேட்டார்கள் என்றாள். பக்கத்தை அடித்துவிட்டேன். நான் கட்டுரையாக நீட்ட நினைத்ததை அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

3

குட்டி வளர்ந்தது. எலியை விட்டால் குறி தவறிப் பெட்டிச் சுவரைக் கடிக்கும். வாயில் பிடித்து ஊட்ட வேண்டும். அப்படிப்பட்ட பாம்பை யாரும் வாங்க வரவில்லை. கொல்லத் தனேஸ்வரனுக்கு மனம் வரவில்லை. காட்டில் விடக்கூடாது என்று அவனே அடிக்கடி பிறருக்குப் பாடம் எடுப்பவன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பழைய ரப்பர்த் தோட்டத்தில் நாகம்மா கோயில் இருக்கிறது. புற்று இருக்கிறது. அங்கே பாம்பை யாரும் அடிக்க மாட்டார்கள்; பாலும் முட்டையும் வைப்பார்கள். மலைப்பாம்பு பால் குடிக்காது, இந்தப் பாம்பு முட்டையும் தொடாது என்பது பாம்பு வளர்க்கிறவனுக்குத் தெரியாதா? தெரியும். கோயில் என்று சொன்னதும் எங்கள் இருவருக்குமே தெரிந்ததெல்லாம் மறந்துபோனது. யாரும் பார்க்காத நேரத்தில் சாக்கில் கொண்டுபோய்ப் புற்றருகே விட்டுவிட்டு வந்தோம்.

4

[தனேஸ்வரனை இவ்வளவு முட்டாளாகக் காட்டுவது சரியா என்று இங்கே தயங்கினேன். பிறகு காரை ஓட்டியது யார் என்பது நினைவுக்கு வந்து, தொடர்ந்து எழுதினேன்.]

கோயிலைப் பார்த்துக்கொள்பவர் மாரியம்மா அக்கா. அவர் கற்பூரம் காட்டியபோது பாம்பு தலையை இரண்டு பக்கமும் ஆட்டியிருக்கிறது. எங்கள் ஆட்களிடம் தலை அப்படி ஆடினால் ‘சரி’ என்று பொருள். விஷயம் பரவியது. பரீட்சை தேறுமா? சரி. காம்பார் டவுனில் கடை போடலாமா? சரி. ஒரே மாப்பிள்ளையை இரண்டு வீட்டார் கேட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் சரி.

அக்காவுக்கு ஒரே கேள்விதான். மகன் சுரேன் சிங்கப்பூருக்குப் போய் மூன்று வருடம். ஒரு போன்கூட இல்லை. வருவானா?

சரி.

அக்கா அவன் அறைக்குப் புதுச் சாயம் அடித்துவிட்டார்.

துளசி நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பாம்புக்கு முதுகெலும்பு தெரிகிறது, இன்னும் கொஞ்ச நாளில் செத்துவிடும், இருவரும் போய் எடுத்து வாருங்கள் என்றாள்.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: யாருக்கும் தெரியாமல் தூக்கி வந்துவிடுகிறோம். பாம்பு பிழைக்கும். சாமி கோபித்துக்கொண்டு போய்விட்டதென்று அக்கா அழுவார்.

இன்னொன்றில் தனேஸ்வரன் உண்மையைச் சொல்கிறான்: ‘அக்கா, இது மரபணு சார்ந்த—’ அந்தச் சொல்லை அவன் ஆயுளில் சொன்னதில்லை. அடித்தேன்.

மூன்றாவதில் சுரேன் பையோடு வந்து நிற்கிறான். எழுதும்போதே அழுதுவிட்டேன். பொய் எழுதினால் எனக்கு அழுகை சுலபமாக வரும். அதையும் கிழித்தேன்.

6

நடந்தது இது. சனிக்கிழமை காலை போனோம். அக்கா பார்த்துக்கொண்டிருக்கவே தனேஸ்வரன் பாம்பைக் கையில் எடுத்தான்.

“அக்கா, இது நான் வளர்த்த பாம்புலா. தலையாட்டுறது வியாதி. என் ஆசையால வந்த வியாதி. அதுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது அக்கா. பசிக்க மட்டும்தான் தெரியும்.”

இனிமேல் எதையும் எதோடும் சேர்க்க மாட்டேன் என்றும் சொன்னான். பாம்பு தலையாட்டியது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அக்கா கத்தவில்லை. உள்ளே போய் அம்மனுக்கு வைத்திருந்த மஞ்சள் துணியை எடுத்து வந்து, மழையில் குளிரும் என்று பாம்பைச் சுற்றிக் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

காரைக் கிளப்பினேன். அக்கா ஜன்னலில் கை வைத்தார்.

“அதுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க. சொல்லுங்க, சுரேன் வருவானா?”

எங்கள் இருவரின் தலையும் ஆடியது. சரி என்றா, இல்லை என்றா, எனக்குத் தெரியாது. தனேஸ்வரன் பாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா சாமியிடம் கேட்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது நீங்கள் மட்டும்தான்.

அக்கா இன்னும் கையை எடுக்கவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள்.