இரண்டு வீதம்

என்னைப் பெண் கேட்டு வந்தபோது என் சாதகத்தைச் சுஜீதன் ஐந்து நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டார். பத்துப் பொருத்தத்தில் எத்தனை பொருந்தியது என்று இன்றைக்குக் கேட்டாலும் முழிப்பார். மெல்பேணில் வீடு வாங்க அவர் பார்த்த பொருத்தமோ ஒன்றரை வருடம் நடந்தது. அந்த மனிதரிடம் அவ்வளவு பொறுமை இருப்பதை நான் அப்போதுதான் கண்டேன்.

இங்கே நல்ல அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு இடம் வேண்டுமென்றால் அதன் எல்லைக்குள் குடியிருக்க வேண்டும். எது நல்ல பள்ளிக்கூடம் என்று பார்ப்பதற்கு ஓர் இணையத்தளம் இருக்கிறது. நாடு முழுவதும் மூன்றாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிற நாப்லான் சோதனையில் ஒவ்வொரு பள்ளிக்கூடத்தின் சராசரியும் நிறம் பூசி அதில் கிடக்கும். நன்றாகச் செய்தால் பச்சை, மிக நன்றாகச் செய்தால் கடும் பச்சை, சறுக்கினால் ரோஸ். இவர் கிழக்கு மெல்பேணின் கவுன்சில்கள் அத்தனையையும் எக்செல்லில் ஏற்றி, முதலில் கவுன்சில் கவுன்சிலாகவும் பிறகு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகவும் சலித்தார். நான் அரிசியில் கல் பொறுக்குவது அந்தக் கவனத்துக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

அந்த அட்டவணையில் அவருக்கு மிகவும் பிடித்த நிரல் ஒன்று உண்டு. அதன் தலைப்பு ‘வித்ட்ரோன்’. சோதனை எழுதாமல் விலக்கப்பட்ட பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை வீதம் என்று அது சொல்லும்.

“இதைப் பாரும், சிவா,” என்று ஒருநாள் என்னைக் குசினியிலிருந்து கூப்பிட்டார். “ஏழு வீதம் விலக்கியிருக்கினம். மொக்குப் பிள்ளையளை ஒளிச்சு வைச்சிட்டுப் பச்சை வாங்கியிருக்கிறாங்கள். கள்ளர்.”

“தாய் தகப்பன் கையெழுத்து வைச்சால்தானே விலக்கலாம்?”

“அதைத்தான் நானும் சொல்லுறன். தன்ரை பிள்ளையைத் தானே ஒளிக்கிறவன் ஒரு தகப்பனே?”

எனக்கு அன்றைக்கு அவர் மேல் மரியாதை வந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்போது நாங்கள் ரோவில் என்ற புறநகரில் இருந்தோம். மூன்று அறை வீடு, பின்வளவில் தேசிக்காய் மரம், நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம். எங்கள் ஒரே பிள்ளை வினுஷா அங்கே நாலாம் வகுப்பு. வாசிப்பாள், வரைவாள், வாய் ஓயாமல் கதைப்பாள். கணக்கு மட்டும் அவளுக்கு வராது. இலக்கத்தைக் கண்டால் அவள் முகம் சுண்டிவிடும்.

அவளுடைய ஆசிரியை மிஸிஸ் டொய்ல் பெரிய குரல்காரி. அந்தக் குரலைக் கேட்டு முதலில் நான்கூடப் பயந்தேன். அவர் வினுஷாவுக்கு நூறு மணி கோத்த ஒரு கயிறு கொடுத்தார். பத்துச் சிவப்பு, பத்து வெள்ளை என்று மாறி மாறி வரும். வீதம் என்று கணக்கு வந்தால் மணியைத் தள்ளு, மூளையோடு மல்லுக்கட்டாதே என்று சொல்லிக் கொடுத்தார். விரல் மடித்துக் கூட்டிய பிள்ளை வருட முடிவில் மணிகளை நாலாகப் பிரித்து, “இது ட்வென்டி ஃபைவ் பெர்சன்ட், அம்மா, கால்வாசி” என்று காட்டினாள். நான் அவளைத் தூக்கிச் சுற்றினேன்.

சுஜீதனுக்கு அந்த அளவு காணாது.

“பள்ளிக்கூடமே ரோஸ். ரோஸுக்குள்ள இருந்துகொண்டு பிள்ளை எப்பிடிப் பச்சையாகும்?”

“பிள்ளை என்ன கீரையே?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அந்த மார்கழியில் ரோவில் வீட்டை விற்றோம். கடும் பச்சைப் பள்ளிக்கூடம் ஒன்றின் எல்லைக்குள், ரயில் போகும்போது கிளாஸ்கள் கிலுங்குகிற இரண்டு அறை யூனிட் ஒன்றை வாங்கினோம். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்று சொல்வார்களே, அது இதுதான். ஆனால் முழுப் பழியையும் அவர் தலையில் போட நான் வரவில்லை. கோயிலில், “இப்ப எங்க இருக்கிறியள்?” என்று கேட்பவர்களுக்கு நான் ஊரின் பெயரைச் சொல்வேன். அவர்களுடைய புருவம் ஏறும். அது ஏறுவதைப் பார்க்கவே எனக்குப் பிடித்தது.

ரோவில் வீட்டை வாங்கியவர் கிருஷ்ணசாமி. கோயம்புத்தூர்க்காரர், இவரோடு வேலை செய்கிறவர். அவருடைய மகள் வர்ஷா நாலாம் வகுப்பில், மிஸிஸ் டொய்லிடம் போய்ச் சேர்ந்தாள்.

புதுப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு தொடங்கிய முதல்நாள் வினுஷா மணிக்கயிற்றைக் கொண்டுபோனாள். பின்னேரம் அது ஒரு கடித உறையில் திரும்பி வந்தது. வகுப்புக்கு விளையாட்டுச் சாமான் கொண்டுவர வேண்டாமாம். அவள் அழவில்லை. வீட்டில் அதை வைத்துக்கொண்டு தினமும் பயிற்சி செய்தாள். பங்குனியில் நாப்லான் வருகிறது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

“நான் எழுதிப் போட்டு மிஸிஸ் டொய்லுக்குச் சொல்லுவன்,” என்றாள். “ஷி வில் பீ சோ ஹாப்பி.”

மாசி நடுவில் பள்ளிக்கூடத்துத் துணை அதிபர் எங்கள் இருவரையும் அழைத்தார். நல்ல மனிசி. தேநீர் தந்தார், பிஸ்கட் தந்தார். வினுஷாவின் வரைதலைப் புகழ்ந்தார். பிறகு, அவளுக்குச் சோதனை நேரத்தில் மனஅழுத்தம் வரக்கூடும் என்று கவலைப்பட்டார். சில குடும்பங்கள் இப்படியான பிள்ளைகளை விலக்கிக்கொள்வது உண்டு என்றார். கட்டாயம் ஒன்றும் இல்லை, முடிவு முழுக்க உங்களுடையது என்று மூன்று தரம் சொன்னார். மூன்றாவது தரம் சொல்லும்போது படிவம் மேசையில் எங்கள் பக்கம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சுஜீதன் குசினி மேசையில் படிவத்தை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

“கையெழுத்து வைக்கேலாது,” என்றேன். “பிள்ளை எழுத ஆசைப்படுது. நீங்கள்தானே சொன்னனீங்கள், தன்ரை பிள்ளையை ஒளிக்கிறவன் தகப்பனே எண்டு?”

“அது வேறை. அது கூடாத பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சொன்னது.”

“இது?”

“ஐம்பது பேரிலை ஓராள் அடியிலை விழுந்தால் சராசரிக்கு என்ன நடக்கும் எண்டு உமக்குத் தெரியுமே? கடும் பச்சை வெளிறிப்போகும். பிறகு இந்த இடத்துக்கு என்ன மதிப்பு? நாங்கள் ஏன் இஞ்சை வந்தனாங்கள்?”

பிள்ளைக்காக வந்தோம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுப் படிவத்தைப் பார்த்தேன். அவர் பேனையை எடுத்தார், மூடியைக் கழற்றினார், திரும்ப மூடினார்.

“எனக்கு மனம் வரேல்லை. நீர் வையும்,” என்று என் பக்கம் தள்ளினார்.

தகப்பனுக்கு மனம் வராத காரியத்துக்குத் தாயின் கை உதவியது. சிவாஜினி சுஜீதன் என்று முழுப் பெயரையும் வடிவாக எழுதினேன். கோயிலில் ஏறிய புருவங்கள் இறங்குவதை நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். எனக்கும் அந்தப் பச்சை வேண்டியிருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வினுஷாவிடம் சொல்ல வேண்டிய பொய்யையும் பள்ளிக்கூடமே தயாரித்துத் தந்தது. சோதனை நாட்களில் சின்ன வகுப்புக்கு உதவியாளராக ஒருவர் தேவை, அதற்கு அவளைத் தெரிவு செய்திருக்கிறார்கள்.

“ஏன் என்னை?”

“நீ கெட்டிக்காரி எண்டபடியால்,” என்றார் தகப்பன்.

“அப்ப டெஸ்ட்?”

“அதைவிட இது பெரிய வேலை, குஞ்சு. எல்லாருக்கும் குடுக்க மாட்டினம்.”

அவள் நம்பினாள். மற்றப் பிள்ளைகள் சோதனை எழுதிய நேரமெல்லாம் அவள் ஐந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் இருந்து பென்சில் சீவினாள். பெருவிரலில் கொப்புளம் வந்தது. கடைசி நாள் ‘சிறந்த உதவியாளர்’ என்று சான்றிதழ் ஒன்று கொடுத்துவிட்டார்கள். சுஜீதன் அதைக் காந்தம் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் வினுஷா அதைக் காட்டுவாள். “ஐ வாஸ் பிக்ட்,” என்பாள். என்னால் அந்தப் பெட்டியைத் திறக்க முடியாமல் இருந்தது. பால் எடுக்கக்கூட அவரைத்தான் அனுப்புவேன்.

மார்கழியில் அந்த வருடத்துப் புள்ளிவிவரம் இணையத்தில் ஏறியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிருஷ்ணசாமி வந்தார். அவரும் ரோவிலை விட்டு இந்த எல்லைக்குள் வர யோசிக்கிறாராம். எங்கள் ஆட்களுக்குள் சுஜீதன் இப்போது பள்ளிக்கூடங்களுக்குச் சாதகம் பார்க்கிற சாத்திரி. அவரிடம் கேட்காமல் யாரும் வீடு வாங்குவதில்லை.

“வர்ஷா நல்லாத்தான் படிக்கிறா சார்,” என்றார் கிருஷ்ணசாமி. “அந்த டொய்ல் டீச்சர்னா உயிரை விடுறா. ஆனா ஸ்கூல் ஸ்கோர் பார்த்தா பயமா இருக்கே.”

“உந்த ரோஸை விட்டு முதல்லை வெளியாலை வாங்கோ,” என்றார் இவர். மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். “இதைப் பாருங்கோ. வாசிப்பு கடும் பச்சை. எழுத்து கடும் பச்சை. கணக்கு கடும் பச்சை.”

வினுஷா கம்பளத்தில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருந்தாள். நான் பலகாரத் தட்டோடு வந்தேன். கிருஷ்ணசாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையை விரலால் தொட்டார்.

“இது என்ன சார்? அஞ்சாம் கிளாஸ்ல வித்ட்ரோன் ரெண்டு பர்சன்ட்னு போட்டிருக்கு?”

சுஜீதனுக்கு ஒரு கணம்தான் எடுத்தது. சிரித்தார்.

“அது ஆரோ ஒரு மொக்குப் பிள்ளையின்ரை தாய் தகப்பன் பாத்த வேலை. எல்லா இடத்திலையும் உப்பிடி ஒண்டு இருக்கும்தானே. டெஸ்ட் எழுதேல்லை, சராசரியிலை சேராது. நீங்கள் பயப்பிடாதேங்கோ.”

தட்டு என் கையில் இருந்தது. அதைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றேன். அவரை அந்த இடத்திலேயே அறைந்திருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சமாவது நித்திரை வரும்.

வினுஷா தலையை நிமிர்த்தினாள்.

“அங்கிள், அது எங்கட ஸ்கூலா?”

“ஆமாம்மா, உன் ஸ்கூல்தான்.”

அவள் எழும்பி அறைக்குள் போனாள். மணிக்கயிற்றோடு திரும்பி வந்து கம்பளத்தில் அதை நீட்டி வைத்தாள்.

“பாத்தீங்களே, கணக்கு எண்டால் இப்ப ஓடி வாறாள்,” என்று இவர் பெருமைப்பட்டார். “செய்து காட்டு, குஞ்சு. அங்கிள் பாக்கட்டும்.”

நான், “வேண்டாம் பிள்ளை, சாப்பிட வா,” என்றேன்.

“கிரேட் ஃபைவ்ல ரெண்டு வகுப்பு,” என்று அவள் தொடங்கினாள். மிஸிஸ் டொய்ல் சொல்லிக் கொடுத்தபடியே, அவசரப்படாமல். “ஒரு வகுப்பிலை ட்வென்டி ஃபைவ். அப்ப ஃபிஃப்டி கிட்ஸ். மணி நூறு. அப்ப ஒரு ஆளுக்கு ரெண்டு மணி.”

“வெரி குட்,” என்றார் கிருஷ்ணசாமி.

ஓரத்திலிருந்து இரண்டு மணிகளை அவள் பிரித்துத் தள்ளினாள். தொண்ணூற்றெட்டு ஒரு பக்கம் நெருக்கமாகக் கிடந்தன. இரண்டு தனியாகக் கிடந்தன.

“டூ பெர்சன்ட் எண்டால் ரெண்டு மணி. ரெண்டு மணி எண்டால் ஒரு ஆள்.”

பிறகு அவள் விரல் அந்த இரண்டு மணிகளின் மேலேயே நின்றது. அவள் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தாள். பெருவிரலைப் பார்த்தாள்.

“எல்லாரும் எழுதினவை,” என்றாள். “எழுதாதது நான் மட்டும்தான்.”

கிருஷ்ணசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். சுஜீதன் மடிக்கணினியை மூடினார். பிள்ளை தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் என் பக்கம் கையைக் காட்டினார்.

“அம்மாதான் கையெழுத்து வைச்சவா.”

வினுஷா என்னிடம் திரும்பினாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் மணிகளை இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தாள். இந்த ஊருக்கு வந்த பிறகு யாருடைய உதவியும் இல்லாமல் அவள் செய்த முதல் வீதக் கணக்கு அது.

“அம்மா,” என்றாள், “நான் செய்தது சரியா?”

“ஓம் பிள்ளை,” என்றேன். “சரி.”