பென்ஃபோல்ட் தோட்டத்துச் சேவல்

1

ஊர் மன்றத்தின் மலருக்காகத் தார்ன்விக் கிராமத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரே தெரியாமல் இங்கே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். எழுத உட்கார்ந்தால் வரலாறு வரவில்லை. ஒரு சேவல்தான் வந்தது.

2

‘ரயில் வருவதற்கு முன் தார்ன்விக் வெறும் வயல்வெளியாக...’

(வேண்டாம். எல்லா ஊருக்கும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.)

ரயில் வந்தது. வயல்கள் மனைகளாயின. லண்டனில் வேலை பார்ப்பவர்கள் அச்சில் வார்த்தது போன்ற வீடுகளில் குடியேறினார்கள். குடும்ப நிலத்தில் அண்ணன் தன் பங்கை விற்றுவிட்டுப் போனபின், கல்யாணமாகாத தங்கை ஹில்டா பென்ஃபோல்ட் மட்டும் ஆப்பிள் தோட்டத்தோடும் கோழிகளோடும் நடுவில் தங்கிவிட்டாள். வாயாடி என்று எழுதி அடித்துவிட்டேன். பேச ஆளில்லாதவள் யாரிடம் வாயாடுவாள்?

3

குடியிருப்போர் சங்கத்து மிஸ்டர் க்ராடக் ஒருநாள் வந்தார். மழையைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டு, சேவல் கூவுவதால் தெருவில் ஒருவருக்கும் தூக்கமில்லை என்றார்.

“தப்பா நினைக்காதீங்க. இது இப்ப பட்டிக்காடு இல்லையே.”

“அதை யாரும் சேவல்கிட்ட சொல்லலை போல,” என்றாள் ஹில்டா.

அவர் சிரிக்கவில்லை. தெரு முழுக்க ஒரே முடிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ‘முழுக்க’தான் அவளைக் குத்தியது. ஞாயிற்றுக்கிழமை தன் கையாலேயே சேவலின் கழுத்தைத் திருகினாள். சமைத்தாள். சாப்பிட முடியவில்லை.

4

சில நாள் கழித்துக் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு மியூரியல் டாப். புதிதாகக் கல்யாணமாகி வந்தவள். கணவன் காலை ரயிலில் போனால் இருட்டித்தான் வருவான். சேவலுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

“நீங்க எல்லாரும்தானே வேண்டாம்னீங்க?”

“என்னை யாரும் கேக்கலைங்க, மிஸ் பென்ஃபோல்ட். அவர் போனப்புறம் வீட்டுல ஒரு சத்தம் இருக்காது. அது கூவுறப்பல்லாம் நானும் ஏதாவது பதில் சொல்லுவேன்.”

ஹில்டா கதவைப் பிடித்தபடி நின்றாள்.

(மியூரியலின் மகள் எனக்குச் சொன்னது இதுவரைதான். அம்மா இதற்கு மேல் பேசமாட்டாளாம். சேவலின் முடிவும் பெயர்களும் என் கற்பனை.)

5

‘உள்ள வாங்க, டீ போடறேன்’ என்று எழுதினேன். நான் யாரையும் அப்படி அழைத்ததில்லை, வாக்கியம் ஒட்டவில்லை. கதவைச் சாத்தினாள் என்றும் எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. மறுவருஷம் தோட்டம் விலைபோனது, அங்கேதான் என் வீடு நிற்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

மியூரியல் இன்னும் வாசலில் நிற்கிறாள். தூறல் விழுகிறது. ஹில்டா வாயைத் திறக்கிறாள். என்ன சொல்வதென்று அவளுக்கு நீங்களாவது சொல்லுங்கள்.