ஓட்டையில்லாத பட்டன்

...சர்க்கரைக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, விழுங்கி விழுங்கியே ஆயுசு போய்விடும் போலிருக்கிறது, இந்தப் பள்ளிச் சீருடைக் குவியலை வேறு இன்று முடித்தாக வேண்டும், உட்காருவதற்குள்ளேயே முதுகு கெஞ்சுகிறது... தையல்காரர் சர்க்கரை மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். மற்றது உள்ளங்கையிலேயே இருந்தது. ஒட்டடைக்குச்சி உடம்பில் கொழுப்பு எங்கேயிருந்து வந்தது? டாக்டரம்மாவிடமே கேட்டாயிற்று. "ஒல்லியா இருந்தா என்னங்க? சர்க்கரை இருந்தா ரத்தக்குழாயும் கெடும். ரெண்டு மாத்திரையும் சேர்ந்துதான் இதயத்துக்குக் காவல். ஒண்ணைக்கூட விட்டுடாதீங்க." பக்கத்திலிருந்த மனைவி சும்மா இருந்தாளா? "கொழுப்பு உடம்புல இல்ல டாக்டர், வாயில இருக்கு!" நர்ஸ் வரைக்கும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார், ஆனால் உள்ளே என்னவோ தைத்துவிட்டது... அன்றிலிருந்து அந்த வெள்ளை மாத்திரை பட்டன் டப்பாவுக்குத்தான் போகிறது. குப்பையில் போட்டால் கண்டுபிடித்துவிடுவாள். வெள்ளைப் பட்டன்களுக்கு நடுவே யார் தேடப் போகிறார்கள்?

இன்றையதை உள்ளங்கையில் இடுக்கியபடியே மிஷின் மிதியில் கால் வைத்தார். நாலு தையல் ஓடுவதற்குள் மூச்சு வாங்கியது. வயசுதான், வேறென்ன... தம்பிக்கு வயசுகூட ஆகவில்லையே. அவனும் ஒல்லி, அவனுக்கும் சர்க்கரை. இருவருக்கும் ஒரே அளவு, நெஞ்சு முப்பத்து நாலு, ஒரே துணியை மடித்துப் போட்டு இரண்டு சட்டை வெட்டிவிடலாம். "சுகர் நார்மல்ணா, ஜாலியா இருக்கேன்" என்று போனில் சிரித்தான். மறுவாரம் அந்த முப்பத்து நாலு நெஞ்சு தூக்கத்திலேயே நின்றுபோனது. சர்க்கரை நார்மலாக இருந்தும் எப்படி? அன்று யாரையும் கேட்கத் தோன்றவில்லை, அழவே நேரம் சரியாக இருந்தது...

"மூஞ்சியே சரியில்ல. நீங்க மிஷினைப் பாருங்க, பட்டன் நான் வெச்சிடறேன்" என்று மனைவி வந்து உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது. டப்பாவுக்குள் அவள் விரல் சலசலத்தது. நின்றது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஏங்க... இந்தப் பட்டன்ல ஓட்டையே இல்லையே. எப்படித் தைக்கிறது?"

குரலில் கிண்டல் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. இருந்திருந்தால் தேவலை. அவள் இன்னொன்றை எடுத்தாள், இன்னொன்று... நிமிரவேயில்லை. இன்றைய மாத்திரை உள்ளங்கை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. தம்ளர் காலி. தண்ணீர் கேட்டால் எழுந்து போய்க் கொண்டுவருவாளா, அழுவாளா?

தம்பிக்குச் சர்க்கரைக்கு மட்டும்தான் மாத்திரை கொடுத்தார்களா... இல்லை, அவனும் இன்னொன்றை எதிலாவது போட்டு வைத்திருந்தானா?