கேரண்டியின் தலை

கூந்தல் எண்ணெய்க் கடையில் அவனுக்குப் பெயரே கேரண்டிதான். மூன்று மாதத்தில் முடி முளைக்கும் என்று அடித்துச் சொல்வான். நம்பாதவர்களிடம் கடை மேசைக்கு மேல் தன் தலையை நீட்டி, இழுத்துப் பார்க்கச் சொல்வான். அவனுக்குச் சம்பளமே பாதி அந்த வாய்க்கு, பாதி அந்த முடிக்கு. அந்தத் தலையின் பின்பக்கத்தில்தான் சட்டைப் பொத்தான் அளவுக்கு வழுவழுவென்று ஒரு வட்டம் விழுந்தது.

முடிவெட்டுபவர் புழுவெட்டு என்றார். மாமியார் சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்க்கச் சொன்னாள். மச்சான் பூண்டு என்றான். ஆளுக்கொரு வைத்தியம் சொன்ன அந்த வீட்டில், கடை எண்ணெயைத் தடவலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவனுக்கே தோன்றவில்லை. வேலை போய்விடுமே என்று தோல் டாக்டரிடம் ஓடினான்.

புழுவும் இல்லை பூச்சியும் இல்லை, உடம்பின் காவல்காரனே ஆள் தெரியாமல் முடி வேரை அடிக்கிறான் என்றார் டாக்டரம்மா. ஒரே வட்டம் என்பதால் ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைத்துவிட வாய்ப்பு அதிகமாம். ஊசி போட்டால் இன்னும் சீக்கிரம் முளைக்கலாம். பிறகு வேறு இடத்தில் திரும்பவும் வரலாம்.

“முளைக்கலாம், வரலாம்னா எப்படி டாக்டர்? ஒரு கேரண்டி கிடையாதா?”

“கேரண்டி வேணும்னா எண்ணெய்க் கடைக்குப் போங்க.”

ஊசிக்குத் தலையைக் கொடுத்தான்.

வட்டத்தில் கண்மை பூசியே சில மாதங்களை ஓட்டினான். முதலில் வெள்ளையாகப் பூனைமுடி வந்தது, பிறகு கறுத்தது. சந்தோஷம் தாங்காமல் முதலாளியிடம் எல்லாவற்றையும் உளறிவிட்டான். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. ஊசியை மட்டும் மறந்துவிடச் சொல்லி, அவன் செல்போனில் எடுத்து வைத்திருந்த வழுக்கை வட்டத்தின் படத்தையும் இப்போதைய தலையின் படத்தையும் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டினார்.

அதைப் பார்த்துவிட்டு ஒருத்தி தன் மகளை அழைத்து வந்தாள். சிறுமியின் தொப்பியைக் கழற்றிக் காட்டினாள். அதே வட்டம், இரண்டு.

“உங்களுக்கு இந்த எண்ணெயிலதான முளைச்சுது?”

டாக்டரம்மாவின் சீட்டு சட்டைப்பையிலேயே இருந்தது. பின்னால் முதலாளி செருமினார். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் பழகிய வாய்.

“கேரண்டிம்மா” என்று தலையை நீட்டினான்.

சிறுமி முடி முளைத்த இடத்தை ஆசையாகத் தடவினாள். விரல் மெல்லக் காதுக்குப் பின்னால் நகர்ந்து, அங்கேயே நின்றது.

“அம்மா, இவருக்கும் இங்க ஒண்ணு இருக்கு.”