தீர்த்தத்தில் ஒரு தீவு

1957 செப்டம்பர் 12, வியாழன், திருப்பதி.

இன்று வகுப்பில் ஒரு தவறு செய்தேன். ஏதாவது ஒரு வேதிப்பொருளின் பெயர் எங்கிருந்து வந்தது என்று பேச வேண்டும். நன்றாகப் பேசுகிறவருக்குப் பகல்நேர ஆய்வுக்கூடத்தில் ஓர் இடம். மாலை வகுப்பில் நாங்கள் யாரும் சோதனைக் குழாயைத் தொட்டதில்லை. எனக்கு அந்த இடம் வேண்டும்.

கற்பூரத்தை எடுத்துக்கொண்டேன். ஏற்றுகிற சூடமும் தீர்த்தத்தில் சேர்க்கிற பச்சைக் கற்பூரமும் ஒன்றே என்று கரும்பலகையில் ஒரே வாய்பாட்டை எழுதினேன்.

வடமாலபேட்டையிலிருந்து வரும் சிட்டிபாபு எழுந்தான்.

“இன்னா சாமி, உங்க வூட்ல சூடத்தையா கரைச்சிக் குடிச்சிக்கினு கீறீங்கோ?”

வகுப்பே சிரித்தது.

“ரெண்டுமே கற்பூரம்தானே?”

“எங்கூரு மெட்ராஸா ஆந்திராவான்னு எல்லைக் கமிஷன்காரங்களே இன்னும் சொல்லல. நீ அதுக்குள்ள ரெண்டையும் ஒண்ணா சேத்துட்டியே!”

ஆசிரியர் ஜகந்நாதன் மட்டும் சிரிக்கவில்லை. “நாளைக்குத் திருத்திப் பேசு. இல்லேன்னா இடம் சிட்டிபாபுவுக்கு.”

நேராக நூலகம் போனேன். ஆங்கிலத்தில் கேம்ஃபர், அரபியில் காஃபூர், மலாயில் காப்பூர், நமக்குக் கற்பூரம். யாரிடமிருந்து யார் வாங்கினார்கள் என்பதில் நூலுக்கே சந்தேகம். அடுத்த பக்கத்தில்தான் துள்ளிவிட்டேன். போர்னியோத் தீவில் ஒரு மரம் தரும் கற்பூரம் வேறு பொருளாம். ஹைட்ரஜன் அணு இரண்டு கூடுதல்; உருகுவதற்கும் சூடத்தைவிட அதிகச் சூடு வேண்டுமாம். அதன் பெயர் போர்னியால். தீவின் பெயரையே வைத்துவிட்டார்கள்! கப்பலில் வந்த அந்தக் கற்பூரத்தைத்தான் அந்தக் காலத்தில் உணவிலும் மருந்திலும் சேர்த்தார்களாம்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா ஏலக்காயோடு பச்சைக் கற்பூரத்தைப் பொடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இதை என்னிக்காவது ஏத்தியிருக்கியா?”

“பச்சைக் கற்பூரத்தை யாராவது ஏத்துவாளோ? பைத்தியமாடா நீ?”

சூடம் விளக்கு மாடத்தில், இது பெருமாள் அலமாரியில். பிறந்தது முதல் பார்த்தும் ஒன்றென்று எழுதிவிட்டேனே!

ஒரு தீவைத் தினமும் குடித்திருக்கிறேன் என்று நினைக்க நினைக்க உட்கார முடியவில்லை. ஆனால் எங்கள் டப்பாவில் இருப்பது போர்னியால்தானா? கடைக்காரர் சூடத்தையே தூளாக்கி விற்றிருந்தால்? பார்க்காமல் பேசினால் இன்றைய தவறேதான் மறுபடியும்.

நாளை: இரண்டிலும் ஒரு சிட்டிகை எடுத்துப்போக வேண்டும். வகுப்புக்கு முன் ஜகந்நாதன் சாரிடம் அனுமதி கேட்டு, மூடிய கண்ணாடிக் குழாய்களில் சூடேற்றி, எது முதலில் உருகுகிறது என்று பார்க்க வேண்டும். சூடம் முந்தினால் தீவைப் பற்றிப் பேசலாம். இரண்டும் சேர்ந்து உருகினால், இடம் போனாலும், அதையே சொல்ல வேண்டும்.